சீஃப் ஒடியாகோசா தோற்க மறுத்த சனிக்கிழமை

இதனால் சகல ஜனங்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: நைஜர் நதிக்கரையில் உள்ள அசாபா நகரில், ஒரு சனிக்கிழமை காலையில், உலக நீதித்துறை வரலாறு இதுவரை கண்டும் கேட்டுமிராத மகத்தான சம்பவம் ஒன்று நிகழ்ந்தது. கொலைக் குற்றவாளியிடம் தோற்க வேண்டும் என்று தெள்ளத் தெளிவாக எழுதி, அச்சடித்து, கையிலும் கொடுத்த பிறகு, அரசு வழக்கறிஞர் ஒருவர் தோற்க மறுத்துவிட்டார்.

வழக்கறிஞர் அசல். குற்றவாளி நடிகன். நீதிமன்றம், தேவாலயத்துக்குப் பின்னால் கல்யாண விருந்துகளுக்கு வாடகைக்கு விடும் ஹால். நீதிபதியின் மேடைக்குப் பின்னால் சுவரில் போன வாரக் கல்யாணத்தின் ஊதா ஜரிகை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை மறைக்கத்தான் தேசியக் கொடி.

படத்தை எடுத்துக்கொண்டிருந்தவள் அவெலே. பல வருடங்களாக அசாபாவில் படமெடுப்பவள். மாமியார் மருமகளுக்குச் சூனியம் வைக்கும் படங்கள், மருமகள் திருப்பி வைக்கும் படங்கள், இரண்டாம் பாகத்தில் போதகர் வந்து இருவரையும் திருத்தும் படங்கள். அவளைத் திறமைசாலி என்று யாரும் சொன்னதில்லை. வேகமானவள் என்றார்கள். இந்த ஒரு படத்தில்தான் அவள் நிதானமாக இருந்தாள். கதை இதுதான்: கொலைப் பழி சுமந்த ஒருவன், வக்கீல் வைத்துக்கொள்ளாமல் தானே வாதாடி, ஊரையே நடுங்கவைக்கும் அரசு வழக்கறிஞரைக் கூண்டில் நின்றபடியே மடக்கிவிட்டு வெளியே நடந்து போகிறான். லாகோஸில் இருக்கும் நிறுவனம் கதையைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டது. கடைசியில் அவன் ஜெயிக்க வேண்டும். அழுது, மன்னிப்புக் கேட்டு, தூக்குக்குப் போகிறவர்கள் அவர்களிடம் ஏற்கெனவே குடோன் நிறைய இருந்தார்கள். அவன் ஜெயித்தால் படத்தை வாங்கிக்கொள்வார்கள். இல்லையென்றால் அவெலே மறுபடி சூனியத்துக்கே போக வேண்டியதுதான்.

மற்றதெல்லாம் எடுத்து முடித்தாகிவிட்டது. பாக்கி இருந்தது அந்தக் கடைசிக் குறுக்கு விசாரணை மட்டும். மறுநாள் ஹாலில் ஞானஸ்நான விருந்து. பந்தல்காரன் காலையிலேயே வந்து நாற்காலிகளைப் பார்த்துவிட்டுப் போயிருந்தான். இன்று முடிக்காவிட்டால் அது முடியாத படம்.

"நான் தோக்கமாட்டேன்," என்றார் சீஃப் பாரிஸ்டர் கிறிஸ்டோபர் ஒடியாகோசா.

ஓய்வுபெற்ற அரசு வழக்கறிஞர்; சீஃப் என்பது ஊர்ப் பெரியவர்கள் கூடிக் கொடுத்த பட்டம். படத்துக்குப் பாதிப் பணம் போட்டவர். வழக்கறிஞர் வேஷத்தைத் தானே போடுவேன் என்பது அவர் அப்போது போட்ட நிபந்தனை. மேக்கப் மேஜை முன்னால் கறுப்பு கவுனோடு உட்கார்ந்திருந்தார். நாற்காலி அவரைத் தாங்குவதற்குக் கூடுதல் சம்பளம் கேட்கலாம்.

"சீஃப், இது சினிமா," என்றாள் அவெலே. "தோக்கறது நீங்க இல்ல. நீங்க நடிக்கிற வக்கீல்."

"என் மூஞ்சிதானே தெரியும்?"

"ஆமா."

"என் குரல்தானே கேக்கும்?"

"அதுவும்தான்."

"அப்ப தோக்கறது யாரு? என் மூஞ்சிய வாடகைக்கு எடுத்தவனா?"

மூன்றே கேள்வி. இந்த மனுஷனிடம் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது; அதுதான் இதில் உள்ள சங்கடமே.

"சர்வீஸ்ல இருந்த வரைக்கும் ஒரு கொலைகாரன்கூட என்னைத் தாண்டி வெளிய போனதில்ல," என்றார் சீஃப்.

அது உண்மைதான். அவர் ஓய்வுபெற்ற அன்று முக்கால்வாசி வழக்குகள் இன்னும் வாய்தாவில் இருந்தன.

"இன்னிக்கு என்னை மாதிரியே பட்டம் வாங்கின என் பட்டத்துச் சகோதரர்கள் வேற பாக்க வந்திருக்காங்க. முன் வரிசைல. அவங்க முன்னாடி ஒரு வாட்ச்மேன் வேஷக்காரன் கிட்ட நான் வாயடைச்சு நிக்கணுமா? கேட்டுக்கோ. கடைசில அவன் அழணும். என் கால்ல விழணும். நான் மன்னிக்கக் கூடாது. சம்மதம்னா எடு. இல்லேன்னா ஜெனரேட்டர் வீட்டுக்குப் போகும்."

ஜெனரேட்டர் அவருடையது. விளக்குகளும் அவருடையவை. மின்சாரம் அரசாங்கத்துடையது, ஆகவே இல்லை.

பக்கத்து ஸ்டூலில் கைதி உடையில் உட்கார்ந்து, இலையில் அவித்த பயற்று மொய்மொய் தின்றுகொண்டிருந்த மோன்யே நிமிர்ந்தான். குற்றவாளி வேஷம் அவனுக்கு. இத்தனை வருடமாக அவன் போட்டதெல்லாம் பணக்கார வீட்டு வாட்ச்மேன் வேஷம்: கதவைத் திறப்பது, கன்னத்தில் அறை வாங்குவது, மூடுவது. படம் இல்லாத நாட்களில் அவனுடைய தொழில் நிலத் தகராறு. அப்பன் விட்டுப்போன மனைக்காகத் தலைமுடி நரைக்கிற வரை கோர்ட்டு பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தவன். அடக்கம் என்பது அவனுக்கு எந்தப் பக்கத்திலிருந்தும் வாய்க்கவில்லை.

"சீஃப் சொல்றது நியாயந்தானே, அவெலே," என்றான்.

அவெலே அவனை முறைத்தாள்.

"இல்ல, எழுதிக் குடுத்துத் தோக்கச் சொன்னா யாருக்கும் கஷ்டமாத்தான் இருக்கும். எழுதாமலே தோக்கட்டும்."

"என்னப்பா உளர்றே?" என்றார் சீஃப்.

"வசனத்தத் தூக்கிப் போடுங்க, சீஃப். நீங்க என்ன வேணா கேளுங்க. நான் வாய்க்கு வந்ததச் சொல்றேன். என்னை மடக்கிட்டீங்கன்னா அழறேன், கால்ல விழறேன், வேணும்னா மயக்கமும் போடறேன். மயக்கம் போடறதுல எனக்கு நல்ல பேர் உண்டு. மடக்க முடியலேன்னா அவெலே எழுதின முடிவு. யாரு ஜெயிச்சதுன்னு நம்ம நீதிபதி மை லார்டே சொல்லட்டும்."

சீஃப் சிரித்தார். வயிறு முதலில் சிரித்து, பிறகு முகத்துக்குத் தகவல் அனுப்பும் சிரிப்பு.

"ஜெனரேட்டர் விஷயம்?" என்றாள் அவெலே.

"நான் தோத்தா ஜெனரேட்டர உனக்கே குடுத்துட்டுப் போறேன்," என்றார் சீஃப். அவ்வளவு நம்பிக்கை.

அவர் போனதும் அவெலே மோன்யேவின் கையிலிருந்த மொய்மொய்யைப் பிடுங்கினாள். "அவர் நிஜ வக்கீல்டா. நீ நிஜ வாட்ச்மேன்கூட இல்ல."

"அதனாலதான் சொல்றேன். அவருக்குக் கோர்ட்டுன்னா பேசற இடம். எனக்குக் கோர்ட்டுன்னா உக்காந்து வேடிக்கை பாக்கற இடம். யாரு அதிகமாப் பாத்திருப்பா? அதக் குடு, பசிக்குது."

நீதிபதியாக உட்கார்ந்தது ஜஸ்டிஸ் பெனடிக்டா ஒனியா, அசல் ஓய்வுபெற்ற நீதிபதி. எங்கள் கோர்ட்டுகளில் நீதிபதி பெண்ணானாலும் மை லார்ட்தான். படம் தத்ரூபமாக இருக்க வேண்டும் என்று சீஃப்தான் அழைத்து வந்தார். அம்மையார் முதல் நாளே சொல்லிவிட்டார்: "நான் நடிக்கமாட்டேன். மேடைல உக்காந்தா நீதிபதியா உக்காருவேன். வேற மாதிரி உக்காரத் தெரியாது."

அதன் பலனை அவெலே ஏற்கெனவே அனுபவித்திருந்தாள். எங்கள் ஊர்க் கோர்ட்டுகளில் சாட்சி சொல்கிற ஒவ்வொரு வார்த்தையையும் நீதிபதி தன் கையாலேயே எழுதியாக வேண்டும். வக்கீல் ஒரு கேள்வி கேட்டுவிட்டு நீதிபதியின் பேனாவையே பார்த்துக்கொண்டு நிற்பார். பேனா நின்றால்தான் அடுத்த கேள்வி. அவெலே எழுதிய வசனமோ பட்டாசுச் சரம் மாதிரி படபடவென்று போக வேண்டியது.

"மை லார்ட், எழுதற மாதிரி சும்மா கைய அசைச்சா போதும்," என்று கெஞ்சியிருந்தாள்.

"எழுதலேன்னா அவன் சொல்லலேன்னு அர்த்தம்," என்றார் அம்மையார். "சொல்லாததுக்கு நான் எப்படித் தீர்ப்புச் சொல்றது?"

புதிய ஏற்பாட்டைக் கேட்டபோது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அப்ப இது நிஜ வழக்கு மாதிரிதானே? யாரும் என்கிட்ட வந்து முடிவு இதுன்னு சொல்ல மாட்டீங்களே?"

"மாட்டோம், மை லார்ட்."

"நல்லது," என்று பேனாவில் மை ஊற்றிக்கொண்டார்.

காமிராக்காரன் திமி கட்டை விரலைக் காட்டினான். அவெலே "ஆக்ஷன்" என்றாள்.

சீஃப் எழுந்தார். கவுன், கழுத்தில் வெள்ளைப் பட்டை, தலையில் நரைமயிர் விக், எல்லாம் முறைப்படி. எழுவதற்கே ஒரு பாட்டு நேரம் எடுத்துக்கொண்டார். கதைப்படி மோன்யே தன் மருந்துக்கடைக் கூட்டாளிக்கு மிளகு சூப்பில் விஷம் வைத்தவன். முன் வரிசையில் பட்டத்துச் சகோதரர்கள் சிவப்புத் தொப்பியும் விசிறியுமாக வீற்றிருந்தார்கள்.

"சம்பவத்தன்று சாயங்காலம் நீ எங்க இருந்தே, யார் கூட இருந்தே, எதுக்காக ஆட்டுக்கறி வாங்கினே, அந்தக் கறிய யாருக்காக—"

"கவுன்சல்," என்றார் ஜஸ்டிஸ் ஒனியா, தலை நிமிராமல். "என் பேனா."

சீஃப் நின்றார். இடி இடித்துக்கொண்டிருக்கும்போது வானத்தை யாரோ பொத்திவிட்டால் எப்படி இருக்கும், அப்படி நின்றார். பேனா காகிதத்தில் ஊர்ந்தது. எங்க... இருந்தே... யார்... கூட. மோன்யே கூண்டின் விளிம்பில் கையை ஊன்றி, அந்த இடைவெளி முழுக்க நிதானமாக யோசித்து, பேனா நின்றதும் சொன்னான்:

"வீட்ல இருந்தேன், மை லார்ட். பசியோட இருந்தேன். பசிச்சவன் எதுக்குக் கறி வாங்குவான்னு கவுன்சல் கேக்கறார். அதையும் எழுதிக்கோங்க."

பார்வையாளர் பக்கத்தில் சிரிப்பு. அம்மையார் எழுதிக்கொண்டார்.

காலை முழுதும் இப்படியே போனது. சீஃப் முழங்குவார், பேனா அவரை நிறுத்தும், அந்த அவகாசத்தில் மோன்யே பதிலை வறுத்து, பொரித்து, உப்புப் போட்டுப் பரிமாறுவான். ஆனால் அவெலே ஏமாறவில்லை. சீஃப் மெல்ல மெல்லப் பேனாவின் வேகத்துக்குப் பழகிக்கொண்டு வந்தார். பழைய ஆள் விழித்துக்கொண்டிருந்தார். கேள்விகள் சின்னதாகிக்கொண்டே வந்தன, சின்னக் கேள்விகள்தான் கடிக்கும்.

மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். யூனிட்டுக்கு டப்பாவில் ஜோலோஃப் சோறு. சீஃபுக்கும் பட்டக்காரர்களுக்கும் அவர் வீட்டிலிருந்து இடித்த கிழங்கும் கெளுத்திமீன் சூப்பும். ஜஸ்டிஸ் ஒனியா மேடையை விட்டு இறங்கவே இல்லை. ஒரு கையில் கறி அடைத்த பலகாரத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் காலையில் எழுதியதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

மோன்யே தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நேராகச் சீஃபின் மேஜைக்குப் போனான். என்ன வம்பு பண்ணப்போகிறானோ என்று அவெலே பின்னாலேயே போனாள்.

"சீஃப், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே."

"சொல்லு. தூக்குல தொங்கப்போறவன் பேச்சக் கேக்கறது என் வழக்கம்."

"அந்த விக்கு. திமி காமிரால போட்டுக் காட்டினான். அதப் போட்டுட்டா வக்கீல் எல்லாரும் ஒரே மந்தை ஆடு மாதிரி இருக்கீங்க. யாரோ குமாஸ்தா பாவம் கத்திட்டு இருக்கிற மாதிரி இருக்கு. நாளைக்கு நான் ஜெயிச்சேன்னு வைங்க—"

"வைக்க மாட்டேன்."

"சரி, தோத்தேன்னே வைங்க. ஒடியாகோசாகிட்ட தோத்தேன்னு சொன்னா எனக்கும் ஒரு பெருமை. எங்கடா ஒடியாகோசா, இந்த விக்குக்காரனான்னு கேட்டா நான் எங்க போய்ச் சொல்றது?"

பட்டக்காரர்களில் மூத்தவரான இலோபா மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "எனக்கும் மொதல்ல அடையாளம் தெரியல கிறிஸ்டோபர். குரல வெச்சுத்தான் கண்டுபிடிச்சேன்."

சீஃப் சூப்பில் வைத்த கையை வாய்க்குக் கொண்டுபோக மறந்தார். அவரைத் தெரிந்தவர்களுக்கு அது பெரிய விஷயம்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் ஹாலுக்குள் வந்தபோது ஹாலே எழுந்து நிற்கலாமா என்று யோசித்தது. விக் போய்விட்டது. தலையில் கழுகிறகு செருகிய சிவப்புத் தொப்பி, பட்டத்தின் அடையாளம். வெள்ளைப் பட்டை இருந்த இடத்தில் விரல் தடிமனில் பவழ மாலைகள், சரம் சரமாக. கையில் யானை வால் மயிர் விசிறி. கவுன் மட்டும் பாக்கி. அதுவும் இந்தக் கும்பலில் வழி தெரியாமல் வந்து மாட்டிக்கொண்டது மாதிரி இருந்தது.

உடைக்காரி காம்ஃபர்ட் ஓடி வந்தாள். "சீஃப், காலைல விக்கு இருந்துச்சு. ஒரே காட்சிக்குள்ள தலை மாறினா பாக்கறவங்க சிரிப்பாங்க."

"என் தலையப் பாத்துச் சிரிக்கிறவன் இன்னும் பொறக்கல," என்றார் சீஃப்.

அவெலே வாயைத் திறந்தாள். மோன்யே அவள் முழங்கையைப் பிடித்தான்.

"விடு, அவெலே."

"என் படம்டா."

"உன் படத்துக்காகத்தான் சொல்றேன். விடு."

அவள் அவனைப் பார்த்தாள். இவனோடு அவள் எடுத்த படங்களுக்குக் கணக்கில்லை. அதில் ஒன்றில்கூட இவன் இப்படி அமைதியாக இருந்ததில்லை. விட்டாள்.

மேடையில் அம்மையார் எழுதுகிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னும் குனிந்துதான் இருந்தார். தூரப் பார்வைக் கண்ணாடி பெட்டிக்குள் மூடிக் கிடந்தது. காலடிச் சத்தம் கேட்டதும், "வந்தாச்சா? தொடருங்க," என்றார் காகிதத்திடம்.

சீஃப் தொடர்ந்தார். மதியத்துக்கு மேல் அவர் வேறு ஆள். அவசரமில்லை. ஒரு கேள்வி, பேனா, ஒரு பதில், பேனா. தொப்பி அவருக்குப் பத்து வயதைக் குறைத்திருந்தது.

"சூப்ப நீதானே சமைச்சே?"

"நான்தான்."

"நீ குடிக்கல?"

"வயித்துப் புண்ணு, சீஃப். மிளகு ஆகாது. ஒரு சொட்டுகூடத் தொடல."

பேனா எழுதியது.

"அவன் குடிச்சிட்டு என்ன சொன்னான்?"

"நல்லாருக்குன்னான்."

"நீ என்ன சொன்னே?"

மோன்யே தோளைக் குலுக்கினான். "உப்பு கொஞ்சம் கம்மி, போட்டுக்கோன்னேன்."

பேனா எழுதியது. பேனா நின்றது. ஹாலில் விசிறிகளும் நின்றன.

அவெலேவுக்குப் புரிந்துவிட்டது. அவன் மாட்டிக்கொண்டான். எழுதிக் கொடுத்த வசனம் இருந்தால் இப்படி ஆகியிருக்குமா? வாய்க்கு வந்ததைச் சொல்கிறேன் என்றானே, வந்துவிட்டது.

சீஃப் உடனே கேட்கவில்லை. பட்டத்துச் சகோதரர்கள் பக்கம் திரும்பினார். விசிறியை ஒரு முறை வீசினார். பிறகு அவ்வளவு மென்மையாகக் கேட்டார், தூங்குகிற குழந்தைக்குப் போர்வை இழுத்துவிடுவது போல.

"ஒரு சொட்டுகூடத் தொடாதவனுக்கு, தம்பி, உப்பு கம்மின்னு எப்படித் தெரிஞ்சுது?"

அம்மையாரின் பேனா அதை முழுவதும் எழுதியது. மோன்யே பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான். முற்றுப்புள்ளி வைத்தாகிவிட்டது. திமி காமிராவிலிருந்து கண்ணை எடுத்து அவெலேவைப் பார்த்தான். கூண்டுக்காரனின் கண்ணில் இப்போது கண்ணீர் வரவேண்டும், அப்படித்தான் ஒப்பந்தம்.

"மை லார்ட்," என்றான் மோன்யே. "பதில் சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். இந்தக் கேள்வியக் கேக்கறது யாரு?"

"கவுன்சல் கேக்கறார்," என்றார் அம்மையார், எழுதிக்கொண்டே.

"கவுன்சல் சாப்பிடப் போனார், மை லார்ட். அதுக்கப்புறம் நான் அவரப் பாக்கல. இங்க ஒரு சீஃப் நிக்கிறார். ஏதோ பட்டமளிப்பு விழா போல இருக்கு. நான்தான் தப்பான இடத்துல நிக்கிறேனோன்னு பயமா இருக்கு."

பேனா நின்றது. அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். பெட்டியைத் திறந்தார். மற்றக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நிமிர்ந்து பார்த்தார். கழுகிறகிலிருந்து ஆரம்பித்து, பவழம் வழியாக, விசிறி வரைக்கும் வந்து, மறுபடியும் இறகுக்கே போனார்.

"எனக்கு எந்தக் கவுன்சலும் கண்ணுக்குத் தெரியல," என்றார்.

சீஃபின் முகம் மாறியதை அவெலே பார்த்தாள். அந்த வாக்கியம் அவருக்குத் தெரியும். கோர்ட்டில் எல்லாருக்கும் தெரியும். விக்கும் பட்டையும் முறைப்படி இல்லாத வக்கீல் நீதிபதியின் கண்ணுக்கு இல்லாதவர். தொண்டை கிழியக் கத்தினாலும் அவர் அந்த அறையில் இல்லை. சர்வீஸில் இருந்தபோது சீஃபே எத்தனையோ இளம் வக்கீல்களை, பட்டை கோணலாக இருக்கிறது என்று சுட்டிக்காட்டி, இப்படி மறைய வைத்திருக்கிறார். அன்றைக்கெல்லாம் அவருக்கு நன்றாகத் தூக்கம் வரும்.

"மை லார்ட், நான்தான். ஒடியாகோசா."

"குரல் கேக்குது. ஆள் இல்ல."

"பெனடிக்டா, இது சினிமா—"

"குரலுக்கு மரியாதையும் இல்ல," என்றார் அம்மையார்.

"சரி, மை லார்ட். அஞ்சே நிமிஷம் அவகாசம் குடுங்க. மாத்திட்டு வரேன்."

"அவகாசம் யாரு கேக்கறது? வழக்குல ஆஜரானவங்கதான் அவகாசம் கேக்கலாம். இங்க யாரும் ஆஜராகல."

இரண்டாவது வழி ஒன்று இருந்தது: அங்கேயே, அப்போதே, தொப்பியைக் கழற்றுவது. விக் மேஜைமேல்தான் கிடந்தது, காம்ஃபர்ட் சீவி வைத்திருந்தாள். சீஃபின் கை தொப்பியின் விளிம்பு வரைக்கும் போனது.

முன் வரிசையில் இலோபா தொண்டையைச் செருமினார்.

"கிறிஸ்டோபர்."

கை நின்றது.

"அத நாங்க வெச்சோம். ஊர் பாக்க வெச்சோம். யாரோ சொன்னாங்கன்னு ஊர் பாக்கவே கழட்டினா, மறுபடி வெக்கறதுக்கு எங்க எல்லாரையும் கூப்பிட்டு மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். விருந்துக்கு வெட்டற மாடு உட்பட." சற்று யோசித்து, "எங்களுக்கு ஆட்சேபணை இல்ல. மாடு நல்லதுதான்," என்றார்.

மாட்டைவிடக் கதைதான் பெரிய செலவு என்பது சீஃபுக்குத் தெரியும். ஒரு பெண் சொல்லித் தொப்பி கழற்றியவர் என்ற பெயர் அவர் பேரன் காலம் வரை கள்ளுக்கடையில் உட்கார்ந்திருக்கும். தொப்பி தலையிலிருந்தால் ஆள் இல்லை. எடுத்தால் தலை இல்லை. அசாபாவின் பெரிய வாய் முதல் முறையாகத் திறந்தபடி சும்மா இருந்தது.

அப்படியே நின்றிருந்தாலும் கௌரவமாக இருந்திருக்கும். அவர் வாசல் பக்கம் திரும்பிக் கத்தினார்:

"டிரைவர், ஜெனரேட்டர நிறுத்து."

நிறுத்தினான். விளக்குகள் அணைந்தன. திமி அவெலேவைப் பார்த்தான். அவெலே தலையை மட்டும் அசைத்தாள். காமிரா பேட்டரியில் ஓடுகிற சாமான் என்று பாதிப் பணம் போட்டவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. விளக்கு போனதும் மேற்கு ஜன்னல் வெயில் குறுக்காக வந்து நீதிபதியின் மேல் விழுந்தது. இந்த வெளிச்சத்தைத்தான் அவெலே காலையிலிருந்து அவ்வளவு விளக்குகளை வைத்து உண்டாக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெனரேட்டர் இரைச்சலும் இல்லை. பேனா கீறுகிற சத்தம் சுத்தமாகப் பதிவானது.

ஜஸ்டிஸ் ஒனியா ஒரு ஸ்கேலை எடுத்து, மதியத்துக்குப் பிறகு எழுதிய பக்கங்களின் குறுக்கே கோடு போட்டார், ஒவ்வொன்றாக, நேராக. உப்பும் போயிற்று.

"சாப்பாட்டுக்கு அப்புறம் இந்தக் கோர்ட்டுல யாரும் யாரையும் எதுவும் கேக்கல. குற்றம் சாட்டப்பட்டவர் ஏதாவது சொல்லணுமா?"

"காலைலேர்ந்து நிக்கிறேன், மை லார்ட். என்மேல குத்தம் சொல்றதுக்கு யாரும் வரல. வீட்டுக்குப் போகட்டுமா?"

"வழக்கு நடத்த அரசுத் தரப்புல ஆள் இல்ல. வழக்கு தள்ளுபடி. நீ போகலாம்."

மோன்யே கூண்டின் சின்னக் கதவைத் திறந்தான். கதவு திறப்பது அவனுக்குப் பழகிய வேலை. வெளியே வந்தான். சீஃபைக் கடக்கும்போது ஒரு நிமிஷம் நின்று, பட்டக்காரருக்குச் செய்ய வேண்டிய முறைப்படி, நன்றாகக் குனிந்து வணங்கினான். அது வசனத்தில் இல்லை. பிறகு ஹால் நீளத்துக்கும் நடந்து, வெயிலுக்குள் போய்விட்டான்.

அவெலே காமிராவைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டாள். சீஃபின் முகத்தை எவ்வளவு முடியுமோ அவ்வளவு எடுக்கச் சொன்னாள். அதற்கப்புறம்தான் "கட்" என்றாள்.

"அப்பீல் போவேன்," என்றார் சீஃப்.

"எதுல?" என்றார் அம்மையார், பேனாவை மூடிக்கொண்டே. "நீங்க வரவே இல்லையே, கிறிஸ்டோபர்."

பட்டக்காரர்கள் எழுந்தார்கள். இலோபா போகிற வழியில் அவெலேவிடம் வந்து, படத்தில் தன் செருமல் வருமா என்று கேட்டார். வரும் என்றாள். மோன்யே வெளியே ஜெனரேட்டர் மேல் உட்கார்ந்து, மீதி மொய்மொய்யைத் தின்றுகொண்டிருந்தான்.

"அந்த உப்புக்கு என்னடா பதில் சொல்லியிருப்பே?" என்று கேட்டாள் அவெலே.

"எனக்கென்ன தெரியும்? நான் பேனாவத்தான் பாத்துட்டிருந்தேன்."

அவெலே அந்தக் காட்சியை ஒரு வெட்டுகூட இல்லாமல் அப்படியே சேர்த்தாள். இதுவரை எங்கள் நாட்டில் இவ்வளவு கனமான, இவ்வளவு உண்மையான நீதிமன்றப் படம் வந்ததில்லை என்று முதல் முறையாகத் தன் வேலையைப் பற்றித் தானே ஒரு நீண்ட குறிப்பு எழுதி, படத்தோடு லாகோஸுக்கு அனுப்பினாள். குற்றவாளி ஜெயித்துவிட்டான் என்பதைச் சரிபார்த்துக்கொண்டு நிறுவனம் படத்தை வாங்கிக்கொண்டது.

நகைச்சுவை வரிசையில் வெளியிட்டது.